தையல் மெஷின் டிராயருக்குள் ஒரு ஸ்டீரியோ

மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தம்பி, பெட்டியின் அடியிலிருந்து அந்தக் கார் ஸ்டீரியோவை எடுத்து என் மடியில் வைத்தபோது முதலில் அதை முகர்ந்துதான் பார்த்தேன். வெள்ளி நிற முகம். கேசட் நுழைவதற்கு ஒரு வாய். கூடவே தனித்தனி அட்டைப் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர்கள். அன்று ராத்திரி சாப்பாடு என்ன என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஸ்டீரியோவின் வாசனை மட்டும் மூக்கிலேயே இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. செகந்திராபாத்தில் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டிய தெருவில் என் மாமனார் வீடு. பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த குடும்பம். மாமாவும் அதே ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் திருச்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். உப்பல் பக்கம் ஒரு மத்திய அரசு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே என்ன செய்கிறோம் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. அதனாலேயே தெருவில் எல்லோரும் நான் ராடார் செய்கிறேன் என்று முடிவு கட்டியிருந்தார்கள். உண்மையில் என் வேலை, முந்தைய மேஜையிலிருந்து வரும் வயர்க் கட்டுகளை மீட்டர் வைத்து அளந்து, சரி என்று எழுதி இனிஷியல் போடுவது.

வீட்டில் ஒரு கார் இருந்தது. ரிட்டயர் ஆன கையோடு அல்வாலில் ஒரு ராணுவ டாக்டரிடமிருந்து மாமா வாங்கியது. என் கல்யாணத்துக்கு ரொம்ப வருஷம் முன்னால் ரோட்டுக்கு வந்த, உருண்டை முகம் கொண்ட சாம்பல் வண்டி. அதன் டாஷ்போர்டின் நடுவில் கம்பெனியே வைத்துக் கொடுத்த ரேடியோ ஒன்று உட்கார்ந்திருந்தது. இரண்டு திருகு குமிழ்கள், நடுவில் ஐந்து வெள்ளைப் பொத்தான்கள். சாவி இல்லாமலே பாடும், ஆனால் போட்டால் உடனே பாடாது. சூடேற அரை நிமிஷம் எடுத்துக்கொண்டு, பிறகுதான் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும். வீட்டுக்குள் டிரான்சிஸ்டர் இருந்தும் மாமா தினமும் சாயங்காலச் செய்தியைக் காருக்குள் உட்கார்ந்துதான் கேட்பார். வண்டி நகராது. கதவு ஒன்று திறந்திருக்கும். அந்த நேரத்தில் அவரைக் கூப்பிட எங்கள் அத்தைக்கே தைரியம் கிடையாது.

எனக்கும் அந்தக் காருக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. நான் டிரைவிங் ஸ்கூலில் படித்து லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. லைசென்ஸ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. சாவி மாமாவின் இடுப்பில். என் வீட்டுக்காரருக்கு ஸ்கூட்டரே போதும், கார் ஓட்ட ஆசையும் இல்லை, பழகவும் இல்லை. நான் கேட்டபோதெல்லாம் மாமா ஒரே பதில்தான் சொல்வார். ஒர்க்‌ஷாப்பில் அவர்கள் வழக்கம் அது: கழற்றி மாட்டத் தெரியாதவன் ஓட்டக்கூடாது. நான் பொறுமைசாலி இல்லை. அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகத் தேய்ப்பேன்.

ஸ்டீரியோவை மாட்டுவதற்கு என் வீட்டுக்காரர் முதலில் மாமாவையும் வண்டியையும் ராணிகஞ்சில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் டாஷ்போர்டைப் பார்த்துவிட்டு, இந்தப் பழைய டப்பாவைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையை இன்னும் கொஞ்சம் அறுத்தால் புதுசு ஜம்மென்று உட்கார்ந்துவிடும் என்றாராம். மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் ஸ்டீரியோ பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்தார்.

விட்டுவிடுவேனா. அன்று சாயங்காலம் செய்தி முடியும்வரை காத்திருந்து, கார்க் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ரேடியோவைப் பிடுங்க வேண்டாம், டாஷ்போர்டை அறுக்க வேண்டாம், ஸ்டீரியோவைக் கீழே தனியாகத் தொங்கவிட்டு நானே மாட்டுகிறேன் என்று சொன்னேன். மாமா குமிழைத் திருப்பி ரேடியோவை அணைத்தார்.

"ரேடியோ முன்ன மாதிரியே பாடணும்," என்றார். "டாஷ்போர்டைத் தொறந்து மூடு. பாடினா, சாவியைப் பத்திப் பேசலாம். பாடலன்னா ஸ்டீரியோவும் நக்கோ, சாவியும் நக்கோ."

நக்கோ என்றால் வேண்டாம், ஊர் உருது அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாவி என்ற சொல் அவர் வாயிலிருந்து தானாக வந்தது அதுதான் முதல் தடவை. சரி மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாளைத் தேர்ந்தெடுத்தேன். தொழிற்சாலையில் அன்றைக்கே மெஷின்களுக்குப் பூஜை முடித்து, பொரி கடலைப் பொட்டலம் கொடுத்து மதியமே அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஒரு கெடுவும் இருந்தது. எங்கள் மாமனார் வீட்டில் அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எல்லாக் கருவிகளையும் துடைத்து சாமி முன்னால் வைத்துவிட வேண்டும். ஸ்குரூ டிரைவர், ஸ்பேனர், சால்டரிங் அயர்ன், கத்தரிக்கோல், பேனா, புத்தகம், கார்ச்சாவி எல்லாம். மறுநாள் நவமி முழுக்க எதையும் தொடக்கூடாது. விஜயதசமி காலையில்தான் திரும்பக் கைக்கு வரும். மாமா மற்ற விஷயங்களில் விட்டுக்கொடுப்பார். இதில் மாட்டார். ஆக எனக்கு இரண்டு மணியிலிருந்து விளக்கு வைக்கிறவரை நேரம்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்குள் மல்லாந்து படுத்தேன். என் ஏழு வயது மகள் டார்ச் பிடித்தாள். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருபது வருஷத்துத் தூசி. எல்லா வயரும் ஒரே மண் நிறம். கைவிட்டுத் தேடினால் ரேடியோவின் தகரம் விரலைக் கீறுகிறது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். இது அண்டாகூட இல்லை, அரை ஜாண் சந்து. ஆனாலும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒவ்வொரு வயரையும் அடையாளம் கண்டுபிடிக்கும்போது மகளிடம் சத்தமாக அறிவிப்பேன். அவள் தெலுங்கில் சரி சரி என்பாள்.

ஸ்பீக்கர்களைப் பின் சீட்டுக்கு மேல் இருந்த அட்டைப் பலகையில் வைத்தாயிற்று. அவற்றின் வயரைத் தரைவிரிப்புக்கு அடியில் ஓட்டியாயிற்று. ஸ்டீரியோவை இரும்புப் பட்டையில் பொருத்தி டாஷ்போர்டின் கீழ் விளிம்பில் திருகினேன். இனி மின்சாரம் மட்டும்தான். ரேடியோவுக்குப் போகிற ஒற்றை வயரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். பேட்டரியின் ஒரு முனை வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கும். அதனால் ஒரு வயர் போதும், மற்றதை வண்டி உடம்பில் எங்கே தொட்டாலும் சரி. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இருந்தாலும் நான் யார், அளக்காமல் மாட்டுவேனா. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, தொழிற்சாலையில் எழுதுவது போலவே ஒரு டெஸ்ட் ஷீட் தயாரித்து வைத்திருந்தேன். எந்த இடம், எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, சரியா, இனிஷியல். மீட்டரின் சிவப்பு முனையை ரேடியோ வயரிலும் கறுப்பு முனையை வண்டி உடம்பிலும் வைத்தேன். முள் பூஜ்யத்துக்குப் பின்னால் போய் முட்டிக்கொண்டு நின்றது. முனைகளை இடம் மாற்றி வைத்தேன். முள் ஒழுங்காக எழும்பிப் பன்னிரண்டைத் தாண்டி நின்றது. சரி என்று எழுதி இனிஷியல் போட்டேன்.

பிறகு ஸ்டீரியோவின் சிவப்பு வயரை ரேடியோ வயரோடு முறுக்கி, கறுப்பு வயரை வண்டி உடம்பில் ஒரு திருகுக்கு அடியில் இறுக்கினேன். கேசட்டைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

"அம்மா, பொக வஸ்துந்தி," என்றாள் மகள், டார்ச்சை ஸ்டீரியோவின் மேல் அடித்தபடி.

மெல்லிய புகை மூலைத் துளையிலிருந்து நூல் மாதிரி கிளம்பியது. வயரைப் பிடுங்கி எறிந்தேன். கருகல் நாற்றம். பதறிப்போய் ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். அரை நிமிஷம் காத்திருந்தேன். ஒரு நிமிஷம். அதன் மஞ்சள் விளக்குகூட எரியவில்லை. ஸ்டீரியோ போனால் போகட்டும், தம்பியிடம் அழுதுகொள்ளலாம். மாமாவின் ரேடியோ செத்துவிட்டது. என் சாவியும் அதோடு போயிற்று.

அப்போதுதான் அத்தை தாம்பாளத்தோடு வந்து நின்றார். விளக்கு வைக்கிற நேரம். ஸ்குரூ டிரைவர், கட்டர், மீட்டர், சால்டரிங் அயர்ன் ஒவ்வொன்றையும் என் கையிலிருந்து வாங்கித் தட்டில் அடுக்கினார். பேனாவையும் வாங்கிக்கொண்டார். காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு, இதுவும் எழுதினதுதானே என்று அதையும் மீட்டருக்கு அடியில் வைத்தார். இன்னும் ஒரு பத்து நிமிஷம் அத்தை என்று கெஞ்சினேன். அவர் என் மூக்கிலிருந்த கரியை முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

செய்தி நேரத்துக்கு மாமா வந்தார். டாஷ்போர்டு இன்னும் திறந்து கிடக்கிறது மாமா, இன்றைக்கு வேண்டாமே என்றேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. அவர் கதவைத் திறந்து உட்கார்ந்து குமிழைத் திருப்பினார். காத்திருந்தார். பிறகு திருப்பி அணைத்துவிட்டு, வீட்டுக்குள் போய் டிரான்சிஸ்டரைப் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

நவமியன்று காலையில் எழுந்து சாமி அலமாரியைப் பார்த்தால், என் மீட்டருக்குச் சந்தனம், குங்குமம். சால்டரிங் அயர்ன் தலையில் ஒரு செம்பருத்தி. காலண்டர் தாளுக்கும் ஒரு பொட்டு. நான் 'சரி' என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்திலேயே சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. சரஸ்வதி என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

கருவி கிடையாது, பேனா கிடையாது, புத்தகத்தைத் திறக்கவும் கூடாது. வடைக்கு மாவு தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் மனசுக்குள் படம் போட்டுப் பார்த்தேன். முதலில் ஸ்டீரியோவைத் திட்டினேன். பிறகு பழைய வண்டியைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். ஐந்தாவது வடையோ ஆறாவது வடையோ எண்ணெயில் இறங்கும்போது அந்த முள் என் கண் முன்னால் வந்து நின்றது. பின்னால் போய் முட்டிக்கொண்டு நின்ற முள்.

தொழிற்சாலையில் என் மேஜையில் முள் பின்னால் போனால் நாங்கள் யோசிப்பதே இல்லை. முனைகளை மாற்றிப் பிடித்து எண்ணை எழுதிவிடுவோம். எது நேர் முனை, எது எதிர் முனை என்று பார்ப்பது முந்தைய மேஜையின் வேலை. அவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத்தான் எங்களிடம் அனுப்புவார்கள். எங்கள் தாளில் எண்ணுக்குத்தான் கட்டம் உண்டு, திசைக்குக் கட்டமே கிடையாது. ஆறு வருஷம் அப்படியே அளந்து பழகிய கை. இந்தக் காருக்கு முந்தைய மேஜை என்று ஒன்று இல்லை என்பது அந்தக் கைக்கு உறைக்கவில்லை.

வடை கருகுகிறது என்று அத்தை கரண்டியை என்னிடமிருந்து பிடுங்கினார்.

பத்து மணிக்குக் காருக்குப் பூஜை. மாமா நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தார். விஜயதசமி காலையில் அவற்றின் மேல் வண்டியை ஏற்றி நகர்த்துவது எங்கள் வீட்டு வழக்கம். அதுவரை வண்டி அசையக்கூடாது. பானெட்டைத் திறந்து பேட்டரிக்குச் சந்தனம் வைக்கக் குனிந்தார். நானும் கற்பூரத் தட்டோடு பக்கத்தில் எட்டிப் பார்த்தேன். பேட்டரியின் மேல் கூட்டல் குறி போட்ட முனை. அதிலிருந்து தடித்த பின்னல் பட்டை ஒன்று நேரே வண்டியின் உடம்புக்குப் போய்ப் போல்ட்டில் இறங்கியிருந்தது.

உலகத்துக் கார்களில் எல்லாம் கழித்தல் முனைதான் வண்டி உடம்போடு சேர்ந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இந்த வண்டியில் கூட்டல் முனை சேர்ந்திருந்தது. முழு வண்டியும் தலைகீழ். நான் மாட்டியது ஸ்டீரியோவுக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது.

"மாமா," என்று கத்தியேவிட்டேன், கற்பூரம் ஆட. "இந்த வண்டிக்கு பாடிதான் பாசிட்டிவ்வா?"

"ஹவ்," என்று ஆமோதித்தார், பொட்டு வைத்தபடியே. "அந்தக் காலத்து வண்டில்லாம் அப்படித்தான். அதுல என்னம்மா?"

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே. ராடார் பண்றவளுக்கு இது தெரியாதான்னு இருந்துட்டேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க வெட்கப்பட்டுத்தான் மீட்டரும் தாளும் எடுத்துக்கொண்டு போனேன் என்பதையும் அப்போதே ஒப்புக்கொண்டேன். ஆனால் அதையெல்லாம் நினைத்து வருந்த எனக்கு நேரம் இல்லை. சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. ரேடியோ செத்திருக்காது. அதன் வயரில் எங்கேயோ ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும், அதுதான் போயிருக்க வேண்டும். ஸ்டீரியோவிலும் இப்படித் தலைகீழாக மாட்டுகிறவர்களுக்காகவே வாசலில் மின்சாரத்தை ஒரே திசையில் விடுகிற ஒரு டயோடு வைத்திருப்பார்கள். அது தான் கருகி உள்ளே இருந்ததைக் காப்பாற்றியிருக்கும். மாற்றிவிடலாம். ஆனால் நாளைக்குத்தான்.

அன்றைய பகல் போல நீளமான பகலை நான் கண்டதில்லை. என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். பேட்டரியை அப்படியே திருப்பி மாட்டிவிட்டால் மொத்த வண்டியும் நேராகிவிடாதா. ஆகிவிடும், ஸ்டீரியோவுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் பழைய ரேடியோ தலைகீழாகிவிடும், அதற்குக் காவல் டயோடெல்லாம் இருக்காது. வீட்டில் முன்னாலேயே இருப்பது அப்படியே இருக்கட்டும், புதிதாக வந்ததுதான் திரும்பிக்கொள்ள வேண்டும் என்றேன். இதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, பூ கட்டியபடியே, நீ வந்த புதுசில் இப்படி ஒருநாள்கூடத் திரும்பவில்லையே என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

வயரைத் திருப்பி மாட்டுவது சுலபம். சிக்கல் வேறு இடத்தில். ஸ்டீரியோவின் இரும்புக் கூடே அதன் கழித்தல் முனை. கூடு வண்டி உடம்பில் எங்கே தொட்டாலும் மறுபடியும் புகைதான். நான் மாட்டிய இரும்புப் பட்டை உதவாது. ஏரியலின் உறையும் வண்டி உடம்போடு சேர்ந்தது, அதைச் செருக முடியாது, அது ரேடியோவுக்கே இருக்கட்டும். ஸ்டீரியோவில் கேசட் மட்டும் போதும். ஆனால் எதையும் தொடாமல் எங்கே உட்கார வைப்பது?

மதியம் கூடத்தில் படுத்துக்கொண்டு இதையே யோசித்தேன். எதிரே அத்தையின் தையல் மெஷின், மாலையும் பொட்டுமாக நின்றுகொண்டிருந்தது. காலால் மிதிக்கிற பழைய மெஷின். மேஜையின் இரண்டு பக்கமும் நீளமான சின்ன மர டிராயர்கள். அந்த டிராயரின் முகத்தைப் பார்த்தேன். எழுந்து போய் விரலால் சாண் போட்டு அளந்தேன். தொடக்கூடாது என்பது ஞாபகம் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஸ்டீரியோவை அளந்தேன். திரும்ப வந்து, தொடாமல் காற்றில் அளந்தேன். செய்து வைத்தது போல இருந்தது.

விஜயதசமியன்று விடியற்காலையிலேயே குளித்துவிட்டு சாமி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மாமா கற்பூரம் காட்டி, தாம்பாளத்திலிருந்து கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கார்ச்சாவி மட்டும் தட்டிலேயே கிடந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அத்தையிடம் டிராயரைக் கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அந்த மெஷின் அவர் கல்யாணத்துக்கு வந்தது. எதற்கு என்று கேட்டார். மரமாக இருந்தால் மின்சாரம் தாண்டாது என்று விளக்கினேன். அவர் டிராயரை இழுத்து, அதிலிருந்த பித்தான், பாபின், ஊசிப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கவிழ்த்தார். பித்தானுக்கு வேறு இடம் கிடைக்கும் என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். ரேடியோ வயரைப் பிடித்துக்கொண்டே போனதில், பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி ஃபியூஸ் கிடைத்தது. உள்ளே கம்பி அறுந்திருந்தது. மாமாவின் தகர டப்பாவிலிருந்து வேறொன்று எடுத்துப் போட்டேன். ஸ்டீரியோவின் மூடியைக் கழற்றினால், நினைத்தபடியே டயோடு கறுத்துக் கிடந்தது. வீட்டில் டிரான்சிஸ்டருக்குக் கரண்ட் கொடுக்கிற, கெட்டுப்போன எலிமினேட்டர் ஒன்று இருந்தது, அதிலிருந்து ஒன்றைக் கழற்றி சால்டர் வைத்தேன். டிராயரின் பின்பலகையில் வயருக்கு ஓட்டை போட்டு, ஸ்டீரியோவை உள்ளே நுழைத்து, டிராயரை மரக்கட்டைகள் வைத்து டாஷ்போர்டுக்குக் கீழே திருகினேன். எந்தத் திருகும் ஸ்டீரியோவைத் தொடவில்லை என்பதை மூன்று தடவை பார்த்தேன்.

கடைசியில் அந்த இரண்டு வயர்கள். சிவப்பை வண்டி உடம்பில் மாட்ட வேண்டும், கறுப்பை ரேடியோ வயரில். கறுப்புதான் உடம்புக்கு என்று ஆறு வருஷமாகப் பழகிய விரல்கள் மறுத்தன. சிவப்பைக் கொண்டுபோய் இரும்பில் வைக்கும்போது எனக்குக் கண் கூசியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திருகை முடுக்கினேன். மறுபடி மீட்டரை வைத்தேன். இந்தத் தடவை முள் எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும்தான் பார்த்தேன்.

கேசட்டைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு நொடி வெறும் காற்றுச் சத்தம். பிறகு பின் சீட்டின் வலது மூலையில் நாதஸ்வரம் எழுந்தது, இடது மூலையில் தவில் விழுந்தது. இரண்டும் தனித்தனியாக, நடுவில் நான். இப்படி ஒன்று உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. மகள் பின் சீட்டில் குதித்தாள். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கேட்டார். எதிர் வீட்டில் ரயில்வே கார்டாக இருந்தவர் பல் துலக்கியபடியே வந்து ஜன்னலில் தலையை விட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இரண்டையும் விட்டுவிட்டேன்.

மாமா மட்டும் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். ஸ்டீரியோவை அணைத்தேன். ரேடியோ குமிழைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு வந்தது. அரை நிமிஷம் ஆயிற்று. கரகரவென்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு அது தெலுங்கில் பேச ஆரம்பித்தது. மாமா தலையை ஒருமுறை ஆட்டினார், அவ்வளவுதான்.

பந்தயப்படி நான் ஜெயித்தாயிற்று. சாவியைக் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. உள்ளே போய்ச் சாமி முன்னாலிருந்த காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு வந்தேன். சந்தனம் உதிர்ந்தது. பேனாவால் 'சரி'யை அடித்துவிட்டு, முள் பின்னால் போனது, பார்த்தும் கவனிக்கவில்லை என்று எழுதி, மறுபடி இனிஷியல் போட்டேன். மாமாவிடம் நீட்டினேன். முந்தா நாள் சாயங்காலம் உங்களிடம் சொல்லாமல் மறைத்தது இதுதான் என்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். என் பேனாவை வாங்கி, என் இனிஷியலுக்குக் கீழே தன் இனிஷியலையும் போட்டார்.

"நானும் சொல்லலியேம்மா," என்றார்.

பிறகு உள்ளே போய்த் தாம்பாளத்தோடு வந்தார். வழக்கமாக அவர்தான் டிரைவர் பக்கத்துக் கதவுக்குப் போவார். அன்று தாம்பாளத்தை என்னிடம் நீட்டிவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். குங்குமத்தில் சிவந்து கிடந்த சாவியை எடுத்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அத்தையும் மகளும் என் வீட்டுக்காரரும் தெருவில் ஒதுங்கி நின்றார்கள்.

இன்ஜினைக் கிளப்பியதும் ஸ்டீரியோவின் பக்கம் என் கை தானாகப் போனது. மாமா முந்திக்கொண்டார். தன் ரேடியோவையே அணைத்தார்.

"ரெண்டும் நக்கோ," என்றார். "ஓட்டறவங்களுக்கு வண்டி சத்தம் கேக்கணும்."

கிளட்சை மெதுவாக விட்டேன். இன்ஜின் சத்தத்துக்கு அடியில், நான்கு சக்கரங்களின் அடியிலும் நான்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்குகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.